ஆசோ இல்லாத அனான்சி

சிலந்தி மனிதன் ஒருவன் வானத்துக்கு நூல் விட்டு ஏறுகிறான். உலகத்துக் கதைகள் அத்தனையும் வானக் கடவுள் நியாமேயின் ஆசனத்துக்குப் பக்கத்தில், ஒரு பொற்பெட்டிக்குள் கிடக்கின்றன. பூமியில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதைகூட இல்லை. அவற்றை விலைக்கு வாங்கத்தான் போயிருக்கிறான் அனான்சி. கடவுளுக்குச் சிரிப்பு வருகிறது. கூரிய பல் கொண்ட சிறுத்தை, நெருப்பாய்க் கொட்டும் குளவிக் கூட்டம், மனிதர் கண்ணில் படாத காட்டுத் தேவதை, மூன்றையும் பிடித்துக்கொண்டு வந்தால் பெட்டியைத் தருவதாகச் சொல்கிறார். ஒல்லிக் கிழவன் சரி என்று இறங்கி வருகிறான், ஒவ்வொன்றாகப் பிடித்தும் விடுகிறான். பெட்டி கைக்கு வருகிறது, திறந்ததும் கதைகள் திசையெங்கும் சிதறுகின்றன.

அமெரிக்க எழுத்தாளர் கெய்ல் ஹேலி எழுதி, மரச்செதுக்கில் படங்களும் செய்து 1970இல் வெளியிட்ட ‘எ ஸ்டோரி, எ ஸ்டோரி’ என்ற படக்கதை நூல் இது. படக்கதை ஓவியர்களுக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் தரப்படும் கால்டிகாட் பதக்கத்தை 1971இல் பெற்றது. ஆப்பிரிக்கத் தந்திரக்காரன் கதையைக் குழந்தைகளுக்குப் படத்தோடு சொன்ன நூல்களில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுவது. அந்த இடத்துக்கு இது தகுதியானதுதானா என்பதைக் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

கோயம்புத்தூரில் இருந்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழாவிலும், ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் திருவிழாவிலும் படக்கதைக் கடைகளில் பெற்றோர் கூட்டத்துக்குக் குறைவில்லை. கையில் எடுக்கும் நூலில் அவர்கள் பார்ப்பது விலையும், அட்டையில் ஒட்டிய பரிசு முத்திரையும், தாளின் பளபளப்பும். நாவலுக்கும் கவிதைக்கும் நாம் செய்கிற திறனாய்வைப் பிள்ளைகளின் நூலுக்குச் செய்வதே இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. நாட்டார் கதையை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி கொங்கு நாட்டுக்குப் பழையது. உடுக்கையடித்து விடிய விடிய, பொன்னர், சங்கர் சகோதரர்களின் அண்ணன்மார் கதை பாடிய மண் இது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி அந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்தார். 1971இல் சக்திக்கனல் அண்ணன்மார் சுவாமி கதையை நூலாகப் பதிப்பித்தார். வாயில் இருந்த கதை தாளுக்கு வரும்போது எது தங்குகிறது, எது உதிர்கிறது என்பதை நாம் நம் கதையை வைத்தே அறிவோம். அந்த அறிவோடு அடுத்தவர் கதையையும் பார்க்கலாம்.

முதலில் இந்த நூலின் குரல். அதன் பெரிய பலம் அதுதான், வாய்விட்டு வாசித்தால் முதல் இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடும். அனான்சி காட்டுப் பாதையில் ஓடும்போது ஒரு ஒலி, உயரமான புல்லுக்குள் பதுங்கிப் போகும்போது வேறொரு ஒலி, கடவுள் சிரிப்பதற்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் மும்முறை வருகிறது. ‘சின்னவன்’ என்று சொல்ல வேண்டிய இடத்திலும் மூன்று தடவை சொல்லிச் சொல்லியே அவனை இன்னும் சின்னவனாக்குகிறார். சொல்லைத் திரும்பச் சொன்னால் அதற்கு வலு கூடும் என்று நூலின் தொடக்கக் குறிப்பிலேயே ஹேலி விளக்கிவிடுகிறார். ஆங்கிலப் படக்கதைக்கு இது புதுசாக இருந்திருக்கலாம். நமக்கு இது அம்மிச்சி வாயில் கேட்டுப் பழகிய நடை. சரசரவென்று, திடுதிடுவென்று, மொலுமொலுவென்று சொல்லாமல் இந்த ஊரில் எந்தக் கிழவி கதை சொன்னாள்? ஆங்கில நூலை மடியில் விரித்துவைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கம் திருப்புகிற தாய்க்கு இந்த ஒலிகள் பெரிய துணை. அவற்றை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அப்படியே சொன்னால் போதும்.

கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஹேலி செய்திருப்பது இன்னும் நுட்பமானது. இந்தக் கதைக்கு உரிய, கானாவின் அசாந்தி மக்களிடம் கதைசொல்லி தொடங்கும்போதே, சொல்லப்போவது உண்மை என்று சாதிக்க வரவில்லை என்று அறிவித்துவிடும் வழக்கம் உண்டு. முடிக்கும்போது கதையைக் கேட்டவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, கொஞ்சம் தனக்கும் திரும்பி வரட்டும் என்பார். ஹேலி இந்த இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறார். அதனால் நூல் நடுவில் எங்கே திறந்தாலும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோலவே இருக்கிறது. எழுத்தில் இதைச் சாதிப்பது எளிதில்லை. தமிழில் அச்சான நாட்டார் கதைத் தொகுப்புகள் பல, கதையின் நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு, சொன்னவருடைய மூச்சைக் கழித்துவிட்டவை. அந்த வகையில் ஹேலியிடம் நம் தொகுப்பாளர்கள் கற்க வேண்டியது நிறைய.

தந்திரங்களுக்கு வருவோம். சிறுத்தையிடம் அனான்சி, சாப்பிடுவதற்கு முன் ஒரு கட்டு விளையாட்டு விளையாடலாம் என்கிறான். ஒருவரை ஒருவர் கொடியால் கட்டி அவிழ்க்கும் ஆட்டம். முதல் முறை கட்டப்படுகிறது சிறுத்தை, அவிழ்க்கும் முறை வரவேயில்லை. வாள் வேலுக்கு இங்கே வேலை இல்லை, ஆசையைத் தூண்டும் பேச்சே ஆயுதம். கொங்குத் தமிழில் சொல்லிப் பார்த்தால் இதன் ருசி இன்னும் ஏறும். “அதுக்கென்னங்க, சாப்புடறது எப்பவும் இருக்குதுங்க, மொதல்ல ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாமுங்க” என்று மரியாதை குறையாமல் பேசிக்கொண்டே காலைச் சுற்றிக் கொடி கட்டுகிறவனுக்கு அஞ்சாமல் வேறு யாருக்கு அஞ்சுவது? குளவிகளின் கூட்டுக்கு மேல் தண்ணீரைக் கொட்டி, தன் தலையிலும் ஊற்றிக்கொண்டு, மழை பெய்கிறது என்று நம்பவைத்து, நனையாமல் இருக்கச் சுரைக்குடுக்கைக்குள் புகச் சொல்வது இரண்டாவது தந்திரம். தென்னந்தோப்பில் கதண்டுக் கூட்டைக் கண்டு எட்டி நடக்கப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் விளக்கம் இல்லாமலே புரியும்.

மூன்றாவது தந்திரம் உலகம் சுற்றியது. பிசின் பூசிய மரப்பாவையின் கையில் இடித்த கிழங்கு. தேவதை தின்றுவிட்டு நன்றி சொல்கிறது, பாவை பதில் பேசவில்லை, கோபத்தில் அறைந்ததும் கை ஒட்டிக்கொள்கிறது. இதே பிசின் பொம்மை, அடிமைகளாக விற்கப்பட்டவர்களோடு அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்கத் தெற்கில் முயல் கதையாக வாழ்ந்தது. பாலி மொழி ஜாதகக் கதைகளில் 55ஆவதாக உள்ள பஞ்சாவுத ஜாதகத்தில் ஒட்டும் மயிர் கொண்ட அரக்கனை ஓர் இளவரசன் கையாலும் காலாலும் தலையாலும் அடித்து ஐந்து இடத்திலும் ஒட்டிக்கொள்கிறான். இதை வைத்துப் பிசின் பொம்மைக்கு இந்திய மூலம் உண்டு என்று வாதிட்ட ஆய்வாளர்கள் இருந்தார்கள். அந்த வாதத்தில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஜாதகத்து இளவரசன் ஒட்டிக்கொண்ட நிலையிலும் அஞ்சாமல் பேசி அரக்கனின் மனத்தை மாற்றுகிறான் என்பதையும், அனான்சியின் தேவதைக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதையும் பிள்ளைகளோடு பேசலாம். ஒரே பொறியை வைத்து இரண்டு சமூகங்கள் எவ்வளவு வேறுபட்ட கதைகளைப் பின்னியிருக்கின்றன!

இங்கேயே என் முதல் குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று தந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையில்லாமல் பலிக்கின்றன. எங்கும் சறுக்கல் இல்லை, ஒரு கணத் தயக்கம்கூட இல்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை குழந்தைகளைத் தாக்கிய நிகழ்ச்சிகள் உண்டு. மாலை மங்கினால் வாசலுக்குப் போகாதே என்று கேட்டு வளரும் பிள்ளைக்குச் சிறுத்தை என்பது படத்தில் வரும் விலங்கு அல்ல. அந்தப் பிள்ளையை இந்தக் கதை சிரிக்கவைக்க வேண்டுமானால், சிறுத்தை கட்டுக்குள் வருமா வராதா என்ற பயத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்க வேண்டும். ஹேலியின் சிறுத்தை சீக்கிரமாகவே ஏமாந்துவிடுகிறது. ஓசையின் வேகம் பயத்துக்கு இடம்விடவில்லை.

படங்களைப் பற்றி. மரக்கட்டையைச் செதுக்கி அச்செடுக்கும் முறையில் கோடு தடித்து, முனை முறிந்து வரும். மென்மையாக வரைந்து ஒப்பேற்ற முடியாத ஊடகம் அது. ஹேலி அந்தக் கடுமையை வண்ணத்தால் திறந்துவிடுகிறார். ஆளும் விலங்கும் செடியும் ஒரே உளியின் ஓட்டத்தில் பிறந்தவை என்ற ஒருமை பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறது. எல்லாவற்றையும்விட, ஆசனத்தில் அமர்ந்திருக்கும் வானக் கடவுளைக் கறுப்பராக, கம்பீரமாக வரைந்திருக்கிறார். அமெரிக்கக் குழந்தை நூல்களின் உலகம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்று நான்சி லாரிக் எழுதியது 1965இல். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது 1968இல். அதற்கு இரண்டே ஆண்டுக்குப் பின் வந்தது இந்தக் கடவுள். அதன் கனம் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கொங்கு நாட்டில் ஊர் எல்லைக்கு எல்லை கருப்பராயன் நிற்கிறார். கறுத்த கடவுள் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனாலும் அவர்கள் கையில் கிடைக்கும் வண்ணப் புத்தகங்களில் தெய்வங்கள் சிவப்பாகவோ நீலமாகவோதான் இருக்கின்றன. கோயிலில் கும்பிடும் நிறம் புத்தகத்தில் வருவதில்லை. அதனால் ஹேலியின் நியாமே இங்கேயும் தேவைப்படுகிறார்.

ஆனால் நூலின் துணைத்தலைப்பு அதை ஓர் ‘ஆப்பிரிக்கக் கதை’ என்று மட்டுமே சொல்கிறது. கதையோ கானாவின் அசாந்தி மக்களுடையது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட ஒரு கண்டத்தை ஒரே ஊராக்கும் இந்த வழக்கம் நல்லதல்ல. அண்ணன்மார் கதையை அச்சிட்டு ‘ஓர் ஆசியக் கதை’ என்று அட்டையில் போட்டால் காங்கேயத்துக்காரர் ஏற்றுக்கொள்வாரா? ஹேலியின் படங்களிலும் காடு எந்த மண்ணின் காடு என்று தெரிவதில்லை. 1970ஆம் ஆண்டிலேயே கானாவின் மெஷாக் அசாரே ‘தாவியா கோஸ் டு சீ’ என்ற படக்கதையைத் தன் நாட்டிலேயே எழுதி வரைந்து வெளியிட்டார். அதில் கடற்கரை, படகு, சிறுவன் எல்லாமே கானாவுக்கு உரியவை. பதக்கமும் உலகப் புகழும் ஹேலியின் நூலுக்குப் போயின. அசாரேக்கு அமெரிக்காவின் நாய்ஸ்டாட் குழந்தை இலக்கியப் பரிசு வந்துசேர 2015 ஆனது.

இவையெல்லாம் சிறிய குறைகள். பெரிய குறைக்கு இப்போது வருகிறேன். அதைப் பார்க்க மூலத்துக்குப் போக வேண்டும்.

ராட்ரே என்ற பிரிட்டிஷ் அதிகாரி அசாந்திப் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றி, மொழி கற்று, அவர்கள் வாயிலிருந்து கேட்டெழுதி 1930இல் வெளியிட்ட ‘அகான்-அசாந்தி நாட்டுப்புறக் கதைகள்’ என்ற தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. அதில் படங்கள் போட்டவர்கள் அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானாவின் ஆப்பிரிக்க ஓவியர்கள் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். அந்தக் கதையில் கடவுள் கேட்கும் விலையில் மலைப்பாம்பும் உண்டு. அதைவிட முக்கியமானது, அனான்சி வானத்திலிருந்து இறங்கி நேரே போவது வீட்டுக்கு. மனைவி ஆசோவிடம் விஷயத்தைச் சொல்கிறான். மலைப்பாம்பைப் பிடிக்கக் கிளையும் கொடியும் வெட்டிவரச் சொல்வது ஆசோ. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பாம்பு இதைவிட நீளமா குட்டையா என்று இருவரும் பாம்பின் காதுபட வாதாடுகிறார்கள். அளந்து பார்க்கலாம் என்று பாம்பே வந்து நீட்டிப் படுக்கிறது. குளவிக்குச் சுரைக்குடுக்கையும் தண்ணீரும் ஆசோவின் யோசனை. சிறுத்தைக்குக் குழி வெட்டச் சொல்லத் தொடங்குகிறாள், பாதியிலேயே அனான்சி போதும், புரிந்துவிட்டது என்கிறான். கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறான் அவன். ஒரு குடும்பத்தின் அறிவு வேலைசெய்யும் விதம் அந்த ஓர் இடைமறிப்பில் அப்படியே தெரிகிறது.

ஹேலியின் நூலில் ஆசோ இல்லை. பெயர்கூட வரவில்லை. அவள் சொன்ன தந்திரங்கள் எல்லாம் அனான்சியின் தலையில் தாமாக உதித்தவை ஆகிவிட்டன. சுரைக்குடுக்கை இருக்கிறது, அதைச் சொன்னவள் இல்லை.

இதற்கு ஒரு பதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாட்டார் கதைக்கு ஒரே வடிவம் கிடையாது, ஒவ்வொரு சொல்லியும் கூட்டுவார், குறைப்பார். படக்கதைக்குப் பக்கம் குறைவு. ஒரு சின்ன உருவம் தனியாகப் பெரியவர்களை வெல்வதுதான் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சுலபமாகப் பிடிபடும். இந்த மூன்று வாதத்தையும் நான் மதிக்கிறேன். மலைப்பாம்பை விட்டதை அதனால்தான் குறையாகச் சொல்லவில்லை. நாலு மூன்றானால் கதைக்குச் சேதமில்லை, தாளம் இன்னும் இறுகுகிறது. சிறுத்தைக்குக் குழி போய்க் கட்டு விளையாட்டு வந்ததும் நல்ல மாற்றமே. ஆனால் ஆசோவை நீக்கினால் கதையின் வடிவமே மாறிவிடுகிறது. கேட்டு, யோசித்து, இருவராகச் செய்த காரியம் ஒருவனின் சாதனையாகிவிட்டது. அறிவு ஒருவன் தலையில் பிறப்பது என்ற எண்ணம் அசாந்திக் கதையில் இல்லை, ஹேலியின் நூலில்தான் வருகிறது.

அண்ணன்மார் கதையிலிருந்து தங்கையை எடுத்துவிட்டுப் பொன்னரையும் சங்கரையும் மட்டும் வைத்து யாராவது படக்கதை போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வரப்போவதை முன்கூட்டியே அறிகிறவள் அவள். படுகளத்தில் அண்ணன்மாரைத் தேடிப் போய் எழுப்புகிறவள் அவள். அவள் இல்லாமல் அங்கே இரண்டு வீரர்களின் சண்டை மட்டும் மிஞ்சும், கதை மிஞ்சாது. பிரெண்டா பெக் 1982இல் எழுதிய ஆய்வு நூலுக்கு ‘மூன்று இரட்டையர்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தங்கையையும் எண்ணிக்கையில் சேர்க்காமல் அந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது என்று களத்தில் உட்கார்ந்து கேட்டவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹேலி தவறியிருக்கிறார்.

ராட்ரே பதிவில் இன்னொருத்தியும் இருக்கிறாள். கேட்ட விலைக்கு மேல் தன் சொந்தத் தாயையும் சேர்த்துத் தருகிறேன் என்று அனான்சி கடவுளிடம் சொல்கிறான், சொன்னபடி கொண்டுபோய் ஒப்படைக்கவும் செய்கிறான். தந்திரக்காரன் நல்லவன் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வெற்றிக்காக எதையும் விலைபேசுவான். ஹேலி இதையும் விட்டுவிட்டார். இங்கே நான் அவர் பக்கம்தான். சின்னப் பிள்ளையின் மடியில் வைக்கும் புத்தகத்தில் தாயை விற்கும் பக்கம் வேண்டாம் என்று ஒரு கதைசொல்லி முடிவெடுக்கலாம். கேட்பவர் வயதறிந்து சொல்வது கதைசொல்லியின் கடமை. அதே கடமை ஆசோவை விடச் சொல்லவில்லை. புத்திசாலி மனைவியால் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் வராது.

ஹேலி ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த அனுபவத்திலிருந்து இந்தக் கதைகளின் ஆப்பிரிக்க வேரைத் தேடிப் போனவர் அவர். அசாந்திகள் வலிமையான அரசை ஆண்டவர்கள். அங்கே அனான்சி, ஒழுங்கைக் கலைத்துப் பார்த்துச் சிரிக்க உதவும் குறும்பன். ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளோடு போய்ச் சேர்ந்த அனான்சியோ சவுக்குக்கு எதிரே மூளையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற ஏழை. எளியவர் வலியவரை வெல்லும் கதைகள் என்றே சிலந்திக் கதைகளை ஹேலி அறிமுகம் செய்கிறார். அசாந்தி உடை போட்டிருந்தாலும் அவருடைய அனான்சி கடல் தாண்டிய அனான்சிதான். தனித்து விடப்பட்டவன். அந்தத் தனிமைக்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் அதை நூலிலேயே சொல்லியிருக்கலாம்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு நூல்கள். ஜெரால்ட் மெக்டெர்மாட் தன் அசைவுப் படத்திலிருந்து உருவாக்கிய ‘அனான்சி தி ஸ்பைடர்’ 1972இல் வந்தது, 1973இல் கால்டிகாட் கௌரவப் பட்டியலில் இடம்பெற்றது. அசாந்தி நெசவின் வடிவங்களைப் படமாக்கிய அந்தப் பக்கங்கள் கண்ணைப் பறிக்கும். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் நெய்கிற ஊர்க்காரருக்கு, நெசவின் கணக்கு எப்படிப் பக்கத்தின் கணக்காகிறது என்று பார்க்கவே அதை வாங்கலாம். ஆனால் அந்தக் கதையில் அனான்சி ஒரு தந்திரமும் செய்வதில்லை. மீன் விழுங்குகிறது, பருந்து தூக்குகிறது, ஆறு மகன்கள் ஆளுக்கொரு திறமையால் காப்பாற்றுகிறார்கள். யாருக்குப் பரிசு என்ற சண்டையில் ஒளிப்பந்து நிலவாகி வானத்துக்குப் போய்விடுகிறது. அழகான கதை. தந்திரக்காரன் கதை என்ற பெயருக்கு அது பொருந்தாது.

இன்னொன்று, தென்னாப்பிரிக்காவிலிருந்து திறந்த உரிமத்தில் இலவசமாக வெளிவரும் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் வரிசையில் உள்ள ‘அனான்சியும் ஞானமும்’. மிகச் சில பக்கம்தான். மனிதர்க்கு விதைக்கத் தெரியாது, நெய்யத் தெரியாது, இரும்பில் கருவி செய்யத் தெரியாது. ஞானம் முழுவதும் நியாமேயின் மண்பானையில். அதை வாங்கிய அனான்சி தனக்கே வைத்துக்கொள்ள மரத்தின் உச்சிக்கு ஏறுகிறான். வயிற்றில் கட்டிய பானை முழங்காலில் இடிக்கிறது. முதுகில் கட்டிக்கொண்டால் என்ன என்று கீழே நிற்கும் சிறு மகன் கேட்கிறான். அப்படியே கட்டி உச்சிக்குப் போன பிறகுதான் உறைக்கிறது. உலகத்து ஞானம் எல்லாம் கையில் இருக்க, பிள்ளைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை. ஆத்திரத்தில் பானையை வீசுகிறான், உடைந்து எல்லார்க்கும் பொதுவாகிறது. ஹேலியின் ஓசைநயம் இதன் நடையில் கால்பங்கும் இல்லை, சுருக்கம் எழுதிய மாதிரி ஓடிவிடுகிறது. ஆனாலும் தந்திரக்காரனின் உண்மையான குணம் இதில்தான் இருக்கிறது. அவன் ஏமாற்றுகிறவன் மட்டுமல்ல, ஏமாறுகிறவனும்கூட. ஹேலியின் அனான்சி வென்றுகொண்டே இருக்கிறான். இவன் தோற்கிறான், அந்தத் தோல்வியால் ஊர் பிழைக்கிறது.

அந்தப் பானையிலிருந்து சிதறியதாகச் சொல்லும் மூன்று தொழிலும் கொங்கு நாட்டின் தொழில்கள் என்பதை வாசிக்கும்போது கவனிக்காமல் இருக்க முடியாது. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்றைய கோவையின் வார்ப்படச் சாலைகளும் மோட்டார் பட்டறைகளும், தறிகளும், பாசனக் கிணறுகளும் அதே மூன்றின் தொடர்ச்சி. பீளமேட்டிலோ சோமனூரிலோ ஒரு பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் இதில் எது தெரியும், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கலாம். அப்பாரு, ஆத்தா, சித்தப்பா என்று பதில் வரும். தனியாள் பெயர் வராது. ஆசோ ஏன் முக்கியம் என்பதை அந்தப் பதில்களைவிட நான் நன்றாகச் சொல்லிவிட முடியாது.

ஆகவே என் தீர்ப்பு. கதையை வாய்க்குத் திருப்பிக் கொடுத்த வகையில் ‘எ ஸ்டோரி, எ ஸ்டோரி’ முதல் தரமான நூல், ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் குரலின் உயிர் குறையவில்லை. படத்தில் துணிச்சலானது, மதிக்கத்தக்கது. கதையின் அறிவு யாருடையது என்று சொன்ன வகையில் குறைபட்டது. குறை சிறியதில்லை, மூலத்தில் மூளையாக இருந்த பெண்ணையே காணவில்லை. மெக்டெர்மாட்டின் நூல் கண்ணுக்கு, ‘அனான்சியும் ஞானமும்’ கதைக்கு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹேலியையே வாங்கச் சொல்வேன், அந்தக் குரலுக்காக. ‘அனான்சியும் ஞானமும்’ காசில்லாமல் கிடைப்பது, அதையும் சேர்த்தே வாசியுங்கள். ஒன்றில் அனான்சி வெல்லட்டும், மற்றதில் தோற்கட்டும்.

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஹேலியின் சொற்களும் படங்களும் அவருக்கு உரியவை, கதையோ அசாந்தி மக்களுடையது. பதக்கம் வாங்கிய பதிப்பை அப்படியே மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், 1930இன் பதிவுக்குப் போய், அசாந்தி என்ற பெயரை அட்டையிலேயே போட்டு, நம் ஓவியர் ஒருவரின் கையால், ஆசோவோடு கூடிய அனான்சியைத் தமிழில் கொண்டுவாருங்கள். அது வரும்வரை, இந்த நூலைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற அம்மாவும் அப்பாவும் ஆசிரியரும் ஒன்று செய்யலாம். கிழவன் வானத்திலிருந்து இறங்கி வரும் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவன் முதலில் வீட்டுக்குப் போனான், மனைவியைக் கேட்டான், அவள் பெயர் ஆசோ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.